கைராசியா, வெளிச்சமா?
அடுக்குமாடி வீட்டில் வாசனை இலைச் செடிகள்

கைராசி என்ற சொல்லைக் கேட்காமல் நம் வீடுகளில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. சிலர் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினாலே துளிர்த்துவிடும். வேறு சிலர் எத்தனை முறை நட்டாலும் செடி கருகிப் போகும். முன்னவருக்குக் கைராசி உண்டு; பின்னவருக்கு இல்லை. இவ்வளவுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

என் அம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கருவேப்பிலையும் புதினாவும் யாரும் கவனிக்காமலே வளர்ந்தன என்பார். தோட்டம் வீடமைப்பு நிலமானதும் குடும்பம் நான்காம் மாடி வீட்டுக்கு வந்தது. அங்கே அவர் வைத்த எந்தச் செடியும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. "தோட்டத்தோட என் கைராசியும் போச்சு" என்று அவர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1980களிலும் 1990களிலும் மலேசியாவின் பல தோட்டங்கள் மேம்பாட்டு நிலங்களாக மாறியபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. மண்ணோடு பழகிய ஒரு தலைமுறை, நான்கு சுவருக்குள் செடி வாடுவதைப் பார்த்துத் தன் மீதே பழியைப் போட்டுக்கொண்டது. அடுத்த தலைமுறையான நாமோ, பேரங்காடியில் நெகிழிப் பையில் கட்டிய கொத்தமல்லியை வாங்கி, பாதியைச் சமைத்து, மீதியைக் குளிர்பெட்டியில் அழுகவிட்டு எறிகிறோம்.

அவர்கள் கை மாறவில்லை. இடம்தான் மாறியது என்பதே என் வாதம். தோட்டத்து மண்ணும் திறந்த வானமும் இலவசமாகச் செய்து கொடுத்த சில வேலைகளை அடுக்குமாடியில் நாம்தான் செய்துதர வேண்டும். அவை என்னென்ன என்று தெரிந்துகொண்டால் போதும். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஆயினும் சில ஆண்டுகளாகச் சமையலறைச் சன்னலோரம் தொட்டிகள் வைத்துப் பார்த்தும், நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணை நம்பாதீர்கள்

வீட்டுக்குள் செடி சாவதற்கு முதற்காரணம் வெளிச்சக் குறைவு. இதைச் சொன்னால் பலரும், "எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே!" என்பார்கள். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் நம் கண்ணே.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 100,000 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். ஆனால் நாம் வசதியாக உட்கார்ந்து படிக்கும் அறையின் நடுவே இருப்பது 300 முதல் 500 லக்ஸ்தான். வெயிலைவிட 200 மடங்கு குறைவு! இருந்தும் அந்த அறை நமக்கு இருட்டாகத் தெரிவதில்லை. வெளிச்சம் குறையும்போது நம் கண்மணி விரிகிறது. விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் 200 மடங்கு வேறுபாடு நமக்குச் சிறு வேறுபாடாகவே படுகிறது.

செடிக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை. தன் மீது விழும் ஒளியைக் கொண்டே அது உணவு சமைக்கிறது. ஒளி பத்தில் ஒரு பங்கானால் அடுப்பும் ஏறத்தாழ அந்த அளவுக்குத் தணிந்துவிடுகிறது. வரவைவிடச் செலவு மிகுந்தால் செடி தன் சேமிப்பைத் தின்னத் தொடங்கும். வாங்கி வந்த புதினா முதல் மூன்று வாரம் செழிப்பாக இருந்து பிறகு சோர்ந்து போவது இதனால்தான். தோட்டக்காரர் கொடுத்தனுப்பிய சேமிப்பு அந்த மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிறது.

சேமிப்பு தீருமுன் செடி நமக்கு அறிகுறி காட்டும். தண்டிலே இலை முளைக்கும் இடத்தைக் கணு என்கிறோம். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி கணுவிடை. கணுவிடை நீண்டு, தண்டு மெலிந்து, இலை சிறுத்து, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அது வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது என்று பொருள். இதைப் பார்த்து, "செடி நெடுநெடுவென்று வளர்கிறது" என்று மகிழ்வோர் உண்டு. அது வளர்ச்சியாகத் தோன்றும் பசி.

எந்தச் சன்னல்?

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் எழுதிய தோட்டக்கலை நூல்களில், செடியைத் தெற்குப் பார்த்த சன்னலில் வையுங்கள் என்ற அறிவுரை தவறாமல் இருக்கும். அது அவர்கள் நாட்டுக்குச் சரி. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே உச்சியைக் கடக்கிறது.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே செல்கிறது. இடைப்பட்ட ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை அது வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே வடக்குச் சன்னலுக்கு ஆண்டில் ஒரு பாதியும் தெற்குச் சன்னலுக்கு மறு பாதியும்தான் நேர் வெயில் எட்டும். கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கோ ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் உச்சி வெயில் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. மேல்மாடியின் தளமும் சன்னல் மேலுள்ள சிறு கூரையும் அதைத் தடுத்துவிடுகின்றன. வெளியே தார்ச்சாலை கொதிக்கும் நேரத்தில் நம் சன்னலோரம் நிழலாகத்தான் கிடக்கும். சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் மட்டுமே கதிர் சாய்வாக உள்ளே நுழையும். இதனால் நம் நாட்டு அடுக்குமாடிக்குக் கிழக்குச் சன்னலே சிறந்தது. மேற்குச் சன்னல் அடுத்தது. அங்கே பிற்பகல் வெப்பம் கடுமையாதலால் தொட்டி விரைவில் காயும்.

சன்னலைத் தேர்ந்தெடுத்த பிறகு தூரத்தைப் பாருங்கள். சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். நிறம் பூசிய கண்ணாடி, கொசுவலை, தூசி படிந்த சாளரத் தகடு ஆகியவையும் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். சமையலறையின் அடுப்புக்கு அருகில் அழகாக ஒரு புதினாத் தொட்டி இருப்பதாக இதழ்களில் படம் போடுவார்கள். படம் எடுத்த பிறகு அந்தத் தொட்டி என்ன ஆனது என்று எவரும் போடுவதில்லை.

அளவுகருவி இல்லாமலே வெளிச்சத்தை மதிப்பிட ஓர் எளிய வழி இருக்கிறது. தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். தாளுக்கு 30 செண்டிமீட்டர் மேலே உங்கள் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி கூர்மையான நிழல் விழுந்தால் வெளிச்சம் பலமாக இருக்கிறது. கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அந்த இடம் நெகிழிப் பூவுக்குத்தான் ஏற்றது. காலை 9 மணி, நண்பகல், மாலை 5 மணி என மூன்று வேளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கடிகாரப்படி உண்மையான உச்சிவேளை பிற்பகல் 1 மணியை ஒட்டித்தான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டி ஒரு குட்டி நிலமா?

வெளிச்சத்துக்கு அடுத்தபடியாகச் செடியைக் கொல்வது நம் அன்பு. வாடிய செடியைக் கண்டதும் நாம் செய்யும் முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற பழமொழி தொட்டிச் செடிக்கென்றே பிறந்தது போலும்.

வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் தங்கும் காற்றிலிருந்து அது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. அந்த இடங்கள் யாவும் நீரால் நிரம்பிக் கிடந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, செடி வாடும். நீர் மிகுந்த செடியும் நீரற்ற செடியும் ஒரே மாதிரி வாடுவதால்தான் நாம் ஏமாந்துபோய் மேலும் ஊற்றுகிறோம். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குறைவாகவே நீர் குடிக்கும். ஆகையால் இரண்டு தவறுகளும் கைகோத்துக்கொண்டு வரும்.

தோட்டத்து நிலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் ஆழத்துக்கு இறங்கிவிடும். தொட்டியில் அப்படி இறங்குவதில்லை. அடியில் துளை இருந்தாலும், கடைசி சில செண்டிமீட்டர் மண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐயமிருந்தால் பாத்திரம் கழுவும் பஞ்சை எடுத்து ஒரு சோதனை செய்யலாம். பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள். மீண்டும் நீர் சொட்டும். பஞ்சும் அதேதான், துளைகளும் அவையேதான். உயரம் மட்டும்தான் மாறியது. உயரமான தொட்டியில் வேருக்குக் காற்றோட்டமான பகுதி மிகுதியாகக் கிடைப்பது இப்படித்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். உண்மையில் ஈரம் தேங்கும் பகுதி கல்லுக்கு மேலே ஏறி நிற்கிறது; வேருக்கான இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. துளையை மறைக்க ஒரு வலைத்துண்டு போதும். கல் வேண்டியதில்லை.

மண்ணும் அப்படியே. வெளியிலிருந்து அள்ளி வந்த களிமண் தொட்டிக்குள் செங்கல்லாக இறுகிவிடும். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு என்ற கலவை எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. மூன்றும் நாற்றுக் கடைகளில் கிடைக்கும். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் முதலில் இரண்டு மூன்று முறை நீரில் அலசிக்கொள்வது நல்லது.

எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வேண்டாம். விரலின் முதல் இரண்டு கணு அளவுக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுங்கள். பழகிய பிறகு தொட்டியைத் தூக்கிப் பார்த்தே கனத்தைக் கொண்டு சொல்லிவிடலாம்.

தொட்டித் தட்டில் வழிந்த நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் பெருகுகிறது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு பெருக இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் தண்டமும் கட்ட நேரிடும்.

எதை வளர்ப்பது?

நமக்குப் பிடித்த செடி எது என்று கேட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் தோல்விதான். நம் சன்னலுக்கு எந்தச் செடி பிடிக்கும் என்று கேட்க வேண்டும்.

தொடக்கத்துக்கு வெந்தயக் கீரையைப் போல் எளிதானது வேறில்லை. வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. ஒரு பிடி வெந்தயத்தை இரவு ஊறவைத்து, துளையிட்ட தட்டில் இரண்டு விரற்கடை மண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். இரண்டு மூன்று நாளில் முளைவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் விரல் நீளத்துக்கு வந்ததும் கத்தரியால் வெட்டிப் பருப்பில் போடலாம். விதையில் உள்ள சேமிப்பைக் கொண்டே பெரும்பாலும் வளர்வதால் நடுத்தர வெளிச்சம் போதும். விடுதியறை மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். வெங்காயத்தாளும் அப்படியே. வேரோடு கூடிய அடிப்பகுதியை மூன்று செண்டிமீட்டர் விட்டு வெட்டி ஊன்றினால் ஒரு வாரத்தில் மறுபடி தாள் வரும்.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளாக நான்கைந்தைத் தேர்ந்து, அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு நீரில் வையுங்கள். கணுக்களிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். பிறகு அகலமான தொட்டியில் நடலாம். மண்ணுக்கு அடியில் ஓடிப் பரவும் செடியாதலால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். நாளுக்கு மூன்று நான்கு மணி நேர வெயில் கிடைத்தால் நன்றாக வரும். இலையின் அடிப்பக்கம் நுண்ணிய வலை பின்னியிருந்தால் அது சிலந்திப்பேனின் வேலை. வாரம் ஒருமுறை தொட்டியைச் சாய்த்துக் குழாய் நீரில் இலைகளைக் கழுவினாலே அது மட்டுப்படும். சமையலறையில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

கற்பூரவள்ளியை ஓமவல்லி என்பாரும் உண்டு. மலாய்க்காரர்கள் இதனைப் பங்குன்-பங்குன் என்பார்கள். இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு உகந்த தோழன் இது. ஒரு குச்சியை ஒடித்து நேரே மண்ணில் ஊன்றினால் போதும். ரசத்துக்கும் பஜ்ஜிக்கும் ஆகும். சளி பிடித்த நாளில் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான்.

பாண்டானும் கெசோமும் நம் மண்ணின் செடிகள், அரைநிழலைப் பொறுத்துக்கொள்பவை. பாண்டானைப் பக்கக்கன்றைப் பிரித்துத்தான் நட முடியும். பாஸ்மதி அரிசிக்கு மணம் தருவதும் பாண்டான் இலைக்கு மணம் தருவதும் ஒரே வேதிப்பொருள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அசாம் லக்சாவுக்கு மணமூட்டும் கெசோம், சந்தைக் கட்டிலிருந்தே நீரில் வேர்விடும். ஈரத்தை விரும்பும் அது, தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாதவர்களுக்கு ஏற்றது.

கொத்தமல்லியைப் பற்றித்தான் முறையீடு மிகுதி. அது குளிர்ந்த பருவத்தின் பயிர். நம் சமவெளி வெப்பத்தில் விரைவாகப் பூத்து, விதை வைத்து, வாழ்வை முடித்துக்கொள்ளும். அது அதன் இயல்பு. வளர்த்தவர் குற்றம் இல்லை. ஐந்தாறு வாரப் பயிராக மட்டும் அதை நினைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவு விதைத்துக்கொண்டே இருந்தால் ஏமாற்றம் வராது. நாம் விதை என்று சொல்லும் மல்லி உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்த காய். சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாக உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். ஆணிவேர்ச் செடியாதலால் நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் சோர்ந்துபோகும். இருக்க வேண்டிய தொட்டியிலேயே விதையுங்கள்.

இதற்கு மாற்றாக ஒரு செடி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மலாய் மொழியில் கெத்தும்பார் ஜாவா என்பார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இது, ஓரத்தில் ரம்பப் பற்கள் கொண்ட நீண்ட இலை உடையது. மணம் கொத்தமல்லியை ஒத்தது. அதைவிடச் சற்றுக் கடுமை. கொத்தமல்லிக்கு ஒவ்வாத வெப்பமும் நிழலும் இதற்கு ஒத்துப்போகின்றன. நிழலில் இலை பெரிதாகும், பூப்பதும் தள்ளிப்போகும். சந்தையில் வேரோடு விற்பதைக் கண்டால் வாங்கி அப்படியே நட்டுவிடலாம். நடுவிலிருந்து முள்ளுள்ள பூத்தண்டு எழுந்தால் உடனே வெட்டிவிடுங்கள். ரசத்துக்குக் கொத்தமல்லி போடும் அளவில் பாதி போட்டால் போதும்.

கருவேப்பிலையைக் கடைசியாகச் சொல்கிறேன். அது செடியே அன்று. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அந்த வெயில் வரும் சன்னலோ முகப்பு மாடமோ இருந்தால் மட்டும் வாங்குங்கள். முதல் ஆண்டு வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். அவசரப்பட்டுப் பறித்தால் அங்கேயே நின்றுவிடும். ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும். பறவையின் எச்சம் போன்ற தோற்றமுள்ள சிறு புழுக்களைக் கண்டால் அவை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள். ஓரிரு நாளில் செடியையே மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். செடி பெரிதாகப் பெரிதாக 30 செண்டிமீட்டர் அகலமுள்ள தொட்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கிள்ளுவதே வளர்ப்பது

தமிழில் செடியிலிருந்து எடுப்பதற்கு எத்தனை சொற்கள்! பூவைப் பறிக்கிறோம், கொய்கிறோம். கிளையை ஒடிக்கிறோம். கிழங்கை அகழ்கிறோம். நுனித் தளிரை மட்டும் கிள்ளுகிறோம். சொல்லின் இந்த நுட்பத்துக்குள் ஒரு தோட்டக்கலைப் பாடம் இருக்கிறது.

தண்டின் நுனிமொட்டு, கீழே உள்ள பக்கமொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் அந்த அடக்குமுறை நீங்கி, கீழே உள்ள கணுவிலிருந்து இரண்டு கிளைகள் எழும்பும். அவற்றையும் கிள்ளினால் நான்காகும். புதினாவுக்கும் துளசி வகைகளுக்கும் இதுவே முறை. நாமோ இரக்கப்பட்டு நுனியை விட்டுவிட்டு அடியிலுள்ள பெரிய இலைகளைப் பறிக்கிறோம். செடிக்கு உணவு சமைத்துத் தருபவை அந்தப் பெரிய இலைகள்தான். கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

என் அம்மாவுக்கு நுனிமொட்டைப் பற்றிய விளக்கம் எதுவும் தெரியாது. ஆனால் கீரையைக் கிள்ள வேண்டும், பிடுங்கக்கூடாது என்பது அவர் விரலுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையிலிருந்த தொட்டிகளைக் கிழக்குச் சன்னலுக்கு மாற்றியபின் அவருடைய புதினா ஓராண்டைக் கடந்துவிட்டது. வேறெதையும் அவருக்கு நான் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தொலைந்துவிட்டதாக அவர் நினைத்த கைராசி, வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது.

வெயில் வராத அறைக்கு

சன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடம் நிற்கும் வீடுகள் ஏராளம். அங்கே விளக்கை நாடலாம். ஊதா நிறத்தில் ஒளிரும் விலையுயர்ந்த விளக்குதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே இலைச் செடிகளுக்குப் போதும். 15 வாட் விளக்கு இரண்டைச் செடியின் நுனியிலிருந்து 20 செண்டிமீட்டர் உயரத்தில் பொருத்தி, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். உயரம் இங்கே உயிர்நாடி. சிறு விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். கூரையிலுள்ள விளக்கு செடிக்குப் பயன்படாததன் காரணம் இதுவே.

செலவையும் கணக்கிடலாம். 30 வாட்டை 14 மணி நேரத்தால் பெருக்கினால் நாளுக்கு 0.42 யூனிட், மாதத்துக்கு ஏறத்தாழ 13 யூனிட். உங்கள் வீட்டு மின்கட்டண வீதத்தால் பெருக்கிப் பார்த்து, மாதந்தோறும் வாங்கி எறியும் இலைக்கட்டுகளின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

உரத்தைப் பற்றி ஒரு சொல். வெளிச்சம் போதாத செடிக்கு உரமிடுவது, பசியில்லாதவன் வாயில் சோற்றைத் திணிப்பது போன்றது. புதிய இலை விட்டுக்கொண்டிருக்கும் செடிக்கு மட்டும், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். புளித்த அரிசி கழுவிய நீரை வீட்டுக்குள் ஊற்றினால் சிறு கருப்பு ஈக்கள் மொய்க்கும்; அதை வெளித்தோட்டத்துக்கு விட்டுவிடலாம்.

நிறைவாக

நண்பர்களே, இதில் கடினமான அறிவியல் எதுவும் இல்லை. வெளிச்சத்தை அளந்து பார், வேருக்குக் காற்று விடு, இடத்துக்கேற்ற செடியைத் தேர்ந்தெடு, நுனியைக் கிள்ளு. நான்கே வரிகள்தான். ஆனால் இந்த நான்கும் தெரியாததால் ஒரு தலைமுறை தன் கையையே சந்தேகித்தது. அந்தத் தலைமுறைக்குத் தெரிந்தவை ஏராளம். எந்தப் பதத்தில் இலையை எடுப்பது, எதை எப்போது குழம்பில் போடுவது, எந்தக் குச்சி துளிர்க்கும், எது துளிர்க்காது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்தவை. அவை பெரும்பாலும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஒரு தொட்டி வீட்டில் இருந்தால்தான் அந்தப் பேச்சு எழும். செடி இல்லாத வீட்டில் கணு, துளிர், கன்று, பதியம் போன்ற சொற்களுக்கு என்ன வேலை?

எனவே, அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது முதலில் ஒரு வெள்ளைத்தாளைச் சன்னலோரம் வைத்துக் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விழும் இடத்தில் வெந்தயத்தைத் தூவுங்கள். பன்னிரண்டாம் நாள் அதை யார் கிள்ள வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். அருகில் நின்று அவர்கள் விரலைக் கவனியுங்கள்.